அந்தக் குழாயைக் கழற்றிவிடு

வடகரப்பதி
21-11-1976

அன்பு மகன் அர்த்தநாரிக்கு உன் ஐயன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பாப்பாவும் அங்கே சீமையில் நல்லபடியாக இருக்க வேண்டும், இதை எல்லாரும் எழுதுகிற வழக்கத்துக்காக எழுதவில்லை, நான்கு நாளாக வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எழுத்தைப் பார்த்து யாருடையது என்று யோசித்திருப்பாய். என்னுடையதுதான் தம்பி. ஞானஜோதி டீச்சர் நடத்தும் சாயங்கால வகுப்பில் போன வருஷம் சேர்ந்தேன், உனக்குச் சொல்லவில்லை, ஒருநாள் திடீரென்று எழுதி உன்னை அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன். அறுபத்தாறு வயதில் பஸ் போர்டைப் படித்து ஏறினேன் என்றால் நம்புவாயா, கண்டக்டரிடம் வேண்டுமென்றே எதுவும் கேட்கவில்லை. ஒரு பக்கம் எழுத எனக்கு முழுக் காலையும் ஆகிறது, ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் மனசுக்குள் ஒரு குதி குதிக்கிறேன். இப்படிப்பட்ட சந்தோஷத்தில் எழுத வேண்டிய முதல் கடிதம் இதுவாகிவிட்டதே என்றுதான் அழுகை வருகிறது. இங்கே கடலைக்காய் பிடுங்கியாயிற்று, மழை கடைசியில் ஏமாற்றிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, செவலை மாடு சினையாக இருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு.

நீ ஆவணியில் எழுதிய கடிதத்தில் பழைய ஜாகுவார் கார் வாங்கியதையும், அதன் சைலன்சர் துருப்பிடித்துப் போனதையும், புதிதாக எதைப் போடலாம் என்பதையும் கேட்டிருந்தாய். புத்தகத்திலிருந்து இரண்டு படம் வெட்டி ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு அனுப்பியிருந்தாய். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர் நீங்கள், நீங்கள் சொல்வதைத்தான் போடுவேன் என்று எழுதியிருந்தாய். அப்போது நான் தனியாகப் படிக்கிற அளவுக்கு வரவில்லை, ரேஷன் கடை துரைசுவாமிதான் படித்தார், கடை முன்னால் பத்துப்பேர் நின்றார்கள், எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒன்றாம் நம்பர் சைலன்சர் பெட்டி வைத்து நீளமாகக் கடைசிவரை போகிற குழாய். இரண்டாவது பெட்டியே இல்லாமல் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் முடிகிற இரட்டைக் குழாய். ஒன்றாம் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது நம் முதலாளி குப்பண்ணப் பண்ணாடி கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்துப் பதினோரு வருஷம் இருக்கும், அன்று சிரித்தார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏன் சின்னையா, நம்ம பிளைமவுத் காரு சத்தம் நெனப்பிருக்குதா, பையன் அதுக்குத்தான் ஆசைப்படறான், ரெண்டாவதையே போடச் சொல்லு, சீமைக்காரன் காது கிழியட்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். துரைசுவாமி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, டிரைவரே, சட்டுனு சொல்லுங்க, அரிசி வாங்கறவங்க நிக்கறாங்கல்ல என்றார். அதுதானுங்க பண்ணாடி, ரெண்டாவதுதானுங்க என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்துக்கு நேரே மாற்றிச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

வியாழக்கிழமை உன் அடுத்த கடிதம் வந்தது. துரைசுவாமியிடம் கொண்டுபோகவில்லை, அம்மாவை உட்காரவைத்து நானே விரல் வைத்துப் படித்தேன். என் வாழ்நாளில் நானாகப் படித்த முதல் கடிதம். உன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். நீங்கள் சொன்னபடியே குழாய் போட்டுவிட்டேன், அதே சத்தம் ஐயா, நான் பள்ளிக்கூடத்திலிருந்து ரோட்டுக்கு ஓடிவந்து கேட்பேனே அதே சத்தம் என்று எழுதியிருந்தாய். குளிர் தொடங்கிவிட்டதால் கண்ணாடியை இறக்குவதே இல்லை என்றும், பாப்பா வீட்டில் எவ்வளவு அழுதாலும் காரின் பின்சீட்டில் போட்டு இரண்டு தெரு சுற்றினால் அசந்து தூங்கிவிடுகிறாள் என்றும், மருமகளுக்குத்தான் அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாமல் காரில் போய்வந்தால் தலைவலி என்றும் எழுதியிருந்தாய். அம்மா சிரித்தாள், நான் அந்த வரிகளைத் திரும்ப ஒருமுறை விரல் வைத்துப் படித்தேன்.

வெள்ளிக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்குப் போய்க் குழந்தையைக் காரில் ஏற்றாதே என்று தந்தி கொடுத்தேன். தந்தியில் காரணம் எழுத முடியாது, காரணம் சொல்லாமல் நீ எதற்கும் அடங்கியதில்லை, கிழவனுக்கு ஏதோ கனவு வந்திருக்கிறது என்று வைத்துவிடுவாய் என்கிற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். வேறு யார் கையாலும் எழுதக்கூடாத விஷயம் இது, உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பண்ணாடியின் பிளைமவுத்துக்கு அந்தக் குழாயை வைத்தது நான். சைலன்சர் ஓட்டையானபோது கோயமுத்தூரில் ஒரு வெல்டிங்காரனிடம் சொல்லிப் பெட்டியை அறுத்தெறிந்துவிட்டுப் பின்சீட்டுக்குக் கீழேயே முடிகிற மாதிரி வைக்கச் சொன்னேன். கார் வருகிறது என்று அரைமைல் தூரத்தில் தெரிய வேண்டும் என்கிற திமிர். நம் ஊர் வெயிலில் நான்கு கண்ணாடியும் எப்போதும் இறங்கித்தான் இருக்கும், ஒரு வருஷம் ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. அறுபத்தைந்து மார்கழியில் மூணாறுப் பக்கம் மாட்டுப்பட்டிப் பண்ணையில் சீமை மாடு பார்க்கப் போனோம். மாட்டின் குணம் தெரிந்தவள் சுப்பாத்தாள் அம்மணிதான் என்று பண்ணாடி தன் மனைவியையும் கூட்டிக்கொண்டார். மறையூர் தாண்டியதும் பனி, எதிரே ஒன்றும் தெரியவில்லை, எல்லாக் கண்ணாடியும் ஏற்றினோம். பண்ணாடி மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து சுருட்டுக்காகத் தன் பக்கத்துச் சின்னக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார். அம்மணி தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றாள். பண்ணாடி கேலி செய்தார், மாடு பாக்க வந்தவ மலையப் பாத்தே மயங்கிட்டயா என்று. அவள், போங்க, உங்க காரு சத்தத்துல அங்க இருக்கற மாட்டுக்கெல்லாம் மடி வத்திப்போயிரும் என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசி. மலை ஏறினால் எல்லாருக்கும் வருகிற மயக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் கொடுத்தேன், குளிர் அடிக்கிறதே என்று அவள் காற்றுக்காக விரற்கடை இறக்கியிருந்த பின்சீட்டுப் பக்கத்துக் கண்ணாடியை என் கையாலேயே இறுக்கி ஏற்றினேன். படுத்துக்கொண்டாள். தூங்கட்டும் பாவம் என்று அதன்பின் ஒருவரும் எழுப்பவில்லை. மூணாறில் எழுப்பினோம். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது, நோய் வந்த முகமாகவே இல்லை. பார்த்த டாக்டர் இருதயம் நின்றுவிட்டது என்றார்.

எனக்கும் தலை பிளந்துகொண்டிருந்தது. அங்கே மிக்கேல்ராஜ் என்று ஒரு மெக்கானிக், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, யோவ், இதுலயா ஆள ஏத்திட்டு வந்தீரு, புகை பூரா சீட்டுக்கடியில உள்ள ஓட்டை வழியா உள்ளதான்யா ஏறுது என்றார். சொல்லிடாதீங்க என்று அவர் காலைத் தொட்டேன். சொல்லி என்னத்துக்கு, செத்தவ வரவா போறா என்று சொல்லி அந்தக் குழாயை அறுத்துப் போட்டு, பின்னால்வரை நீளமான குழாய் வைத்துக் கொடுத்தார். கல்லில் இடித்து உடைந்தது என்று பண்ணாடியிடம் சொன்னேன். ஒரு மாட்டுக்காக அவளைக் குளிரில் கூட்டிப்போய்க் கொன்றேன் என்று அவர் இன்றுவரைக்கும் தன்னைத்தானே ஏசிக்கொண்டிருக்கிறார், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அவரிடம் போய்ச் சொல்லியே ஆக வேண்டும், சொல்வேன், ஆனால் முதலில் நீ.

அதனால் தம்பி, இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதே. ஒன்றாம் நம்பரையே வாங்கிப் போடு. குழாயின் வாய் பின் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், சத்தம் குறைந்தால் குறையட்டும். போட்டபின் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, ஈரச் சாக்கால் குழாயின் வாயை ஒரு நொடி அடைத்துப் பிடி, வழியில் எங்காவது இணைப்பு கசிந்தால் சீறுகிற சத்தம் கேட்கும். பின்சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்துவிட்டுத் தரையில் எத்தனை ஓட்டை இருக்கிறதோ அத்தனையும் ரப்பர் வைத்து அடை. ஷெட்டுக்குள் கதவைச் சாத்தி எஞ்சினைப் போடாதே. எவ்வளவு குளிரானாலும் முன்சீட்டுப் பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருக்கட்டும். மருமகளின் தலைவலி குளிரால் வந்ததில்லை, அவளை நல்ல டாக்டரிடம் காட்டு, காரில் புகை வந்தது என்று வெட்கப்படாமல் சொல்லு, பாப்பாவையும் காட்டு. என் மேல் வருகிற கோபத்தை எல்லாம் இதற்கப்புறம் காட்டு, எழுதியும் அனுப்பு, யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை, நானே படித்துக்கொள்வேன்.

மாரியம்மன் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், நூறு வயது இருங்கள். மறந்துவிடாதே, பாப்பா காரில் தூங்கினால் தூங்கட்டும் என்று விடாதே, உடனே நிறுத்தி, வெளியே தூக்கிக்கொண்டு போய் எழுப்பு. எழுந்து அழுதாள் என்று ஒரே ஒரு வரி எனக்குத் தந்தி கொடு.

இப்படிக்கு,
உன் ஐயன்
சின்னையன்