இருநூற்றுப் பதினான்கு நாள்

நவம்பர் 18, செவ்வாய்

பாப்பாவுக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுக ஒழுகச் சிரிக்கிறாள். குழந்தைகள் பகல் காப்பகத்தில் ஜனவரியிலிருந்து இடம் இருக்கிறதாம், ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். அதைக் கட்டினால்தான் நான் வேலைக்குத் திரும்ப முடியும். இல்லையென்றால் என் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரே வழி டிரஸ்ட் பணம். மாமனார் விட்டுப்போன கடைகளின் வாடகை. செலவு போக மிஞ்சுவதில் பாதி இவருடைய அண்ணனுக்கு, பாதி இவருக்கு. இவர் இல்லாவிட்டால் இவர் பிள்ளைக்கு. மாமனார் அந்த "இல்லாவிட்டால்" எழுதியபோது இவருக்குப் பன்னிரண்டு வயதாம்.

டிரஸ்ட்டை நடத்தும் டிரஸ்டி இவருடைய அண்ணன்தான், பாப்பாவின் பெரியப்பா. ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு காசு வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

நவம்பர் 25

ஆடிட்டரைப் பார்த்தேன். பாப்பா அவர் ரப்பர் ஸ்டாம்பை வாயில் வைத்துவிட்டாள். "கடிச்சுட்டுப் போகட்டும்மா, என் கையெழுத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை யாரும் குடுத்ததில்லை" என்றார். ஆகஸ்டுக்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது இன்றைக்குத்தான்.

பிறகு விளக்கினார். "டிரஸ்ட் ஒரு குழாய் மாதிரி. தண்ணி யார் குடத்துல விழுதோ அவங்கதான் வரி கட்டணும். குழாயிலேயே தங்கிட்டா குழாய்க்கு வரி. அதுவும் உச்ச விகிதம், நூத்துக்கு நாப்பது."

இவர் பங்கு இந்த வருஷம் நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். இங்கே வரி வருஷம் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை என்பதால் அதை 365 நாளுக்கும் பிரிக்க வேண்டுமாம். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. ஜனவரி ஒன்று முதல் ஆகஸ்ட் இரண்டு வரை 214 நாள் இவருடையது. அது இவர் சம்பளத்தோடு சேர்ந்து இவருடைய கடைசி வரிக் கணக்கில் போகும். மீதி 151 நாள் பாப்பாவுடையது. அவளுக்கு வேறு வருமானம் இல்லை, வரியும் இல்லை. ஆனால் டிசம்பர் 31-க்குள் டிரஸ்டி அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"ஆகஸ்ட் இரண்டாம் தேதி யார் கணக்கு சார்?"

"அவர் கணக்குதாம்மா."

காலை ஆறு பத்துக்குப் போனார். அன்றைக்கு ஆறு மணி நேரம்தான் இருந்தார். முழு ஆயிரத்து இருநூறும் அவருக்கு. என்ன கணக்கு இது?

டிசம்பர் 9

ஆடிட்டர் போன் செய்தார். "உங்க பெரியவர் மறுபடியும் முழு வருஷத்தையும் தம்பி பேர்லயே எழுதி அனுப்பியிருக்கார்மா. போன வாரமே திருப்பி அனுப்பினேன். அப்படியே விட்டா செல்லாது. உங்க பாப்பா பங்கு டிரஸ்ட்லயே தங்கினதாத்தான் அர்த்தம்."

எழுபத்திரண்டாயிரம் வரியில் போகும். காப்பகம் போச்சு. வேலை போச்சு.

என் தம்பியிடம் சொன்னேன். "அக்கா, நீ ஒரு வெகுளி. டிரஸ்ட்ல தங்கினா சாவி யார் கையில? அவர் கையிலதானே?"

அப்படியும் இருக்குமா? ச்சே. இருக்குமோ?

டிசம்பர் 21, ஞாயிறு

எல்லா ஞாயிறும் போலப் பெரியப்பா வந்தார். "ஏய் வாலு, பெரியப்பாவைக் கடிக்கிறதுக்குப் பல்லு முளைச்சிருச்சா?" தோளில் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டு, சட்டையெல்லாம் மண்ணாகத் திரும்பினார். வாசலில் வைத்துக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். "பாக்கலாம்மா. இன்னும் நாள் இருக்கே" என்று செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

பத்து நாள் இருக்கிறது. எதற்கு இழுக்கிறார்?

டிசம்பர் 26

சொல்லிவிட்டேன். ஆடிட்டர் ஆபீஸில், நாலு பேர் முன்னால். நானே பெரியப்பாவைக் கூப்பிட்டு வரவைத்தேன். ஆடிட்டர் காகிதத்தை நீட்டினார், பெரியப்பா பேனாவைத் திறந்தார், மூடினார். "நாளைக்குப் போடட்டுமா?"

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ—"தம்பி செத்த பிறகும் அவர் பேரை வச்சே சாப்பிடப் பாக்கிறீங்களா மாமா?"

எழுதினார். 214. கீழே 151. பாப்பாவின் முழுப் பெயர். கையெழுத்து. பாப்பா இரண்டு கையையும் நீட்டினாள். பார்க்காத மாதிரி போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன் போல.

டிசம்பர் 27

சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 29

பணம் வந்துவிட்டது. அப்படியே அவர் விலகல் கடிதமும். இனி ஒரு டிரஸ்டி கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம்.

அக்கா, அவர் மனைவி, வந்தாள். உட்காரவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். ராத்திரியெல்லாம் அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. எத்தனை தடவை எழுதினாலும் முந்நூத்தி அறுபத்தஞ்சுன்னுதான் வருதுடீ, அவனை என் கையால ஆகஸ்ட்ல நிறுத்தச் சொல்றாங்கன்னு அழுதாரு. உனக்கு மட்டுந்தான் அவன் செத்தானா?"

இவர் போட்டோ முன்னால் போய் நின்றேன். நீ இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய். எங்கள் அண்ணனுக்கு நாக்கில் பூட்டு என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். கேட்டேனா? கேட்டேனா நான்?

ஜனவரி 4, ஞாயிறு

பாப்பா காலையிலிருந்து வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள், உள்ளே இருந்தபடி.

ஜனவரி 11

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அனுப்பினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 7

கம்பெனியிலிருந்து முதல் காலாண்டுக் கணக்கு. அச்சடித்த தாள். வாடகை, பழுதுபார்த்த செலவு, டிரஸ்டி கட்டணம். இத்தனை வருஷம் அப்படி ஒரு கட்டணமே கணக்கில் கிடையாது. பயனாளி: பாப்பா. நாட்கள்: 90. வரி: இல்லை.

இதைச் சாக்காக வைத்து அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள்.

"அவர் வெளிய போயிருக்காரும்மா."

"சரிக்கா."

வைக்கப் போனேன். அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு.

"இரு இரு. கணக்கெல்லாம் சரியா வந்துச்சான்னு கேக்கச் சொல்றாரு."

வெளியே போனவர் எப்படிக் கேட்கச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"சரியா வந்துச்சுன்னு சொல்லுங்கக்கா" என்றேன்.