பிரேக்கில் சுற்றிய பட்டு

ஆரணி,
வியாழக்கிழமை.

அன்புள்ள தீனாவுக்கு, சின்னம்மா எழுதுவது.

நீ அங்கே உடம்பாலும் மனதாலும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. இதைத் தாளில் எழுதி, படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டு, என் போனிலிருந்து உடனே அழித்துவிடப் போகிறேன். என் போனை அப்பாவும் எடுப்பார், நீ கூப்பிடும்போதெல்லாம் அவர்தான் முதலில் ஓடிவந்து எடுக்கிறார், உனக்கே தெரியும். அதனால் படித்ததும் பதில் எதுவும் போடாதே. லாவண்யா பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறாள், கணக்கைத் திறந்தாலே அழுகிறாள், அண்ணன் சொல்லிக்கொடுத்தால்தான் புரியும் என்கிறாள், நேரம் இருந்தால் அவளிடம் கொஞ்சம் பேசு. நீ அனுப்பிய படத்தில் பனியில் காதை மூடாமல் நிற்கிறாய். தயவுசெய்து மூடிக்கொள்.

உன் காரைப் பற்றித்தான் எழுத வந்தேன். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை பெங்களூரில் யாரிடமோ பழையதாக வாங்கி நீ ஓட்டிக்கொண்டு வந்தபோது, தெருவே வேடிக்கை பார்த்தது. இங்கே எந்த மெக்கானிக்கும் அதைத் தொடப் பயந்ததால் வீட்டிலேயே எல்லா வேலையும் நீயே செய்தாய். ஜெர்மனிக்குப் போகும்போது அந்த வேலையை அப்பாவிடம் விட்டுப்போனாய். உன் அம்மா இருந்த இடத்துக்கு நான் வந்தபோது நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய், அன்றிலிருந்து உனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த பேச்சு சாப்டியா, சாப்டேன் என்பதோடு சரி. ஆனால் கார் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனைத் தூக்கிக்கொண்டு கார் நிற்கிற கொட்டகைக்குப் போய்விடுவார், இன்ஜின் ஆயில் இன்னா கலரு, இந்த பிளக்க எந்தப் பக்கம் திருப்பணும் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் சமையலறையில் நின்று கேட்பேன். அப்பனும் பிள்ளையும் சிரிக்கிற சத்தத்தை இந்த வீட்டில் முதன்முதலில் அப்போதுதான் கேட்டேன். அதனால்தான் மற்றதை எழுத இத்தனை நாள் தயங்கினேன்.

அப்பா தறியில் உட்காருவதை நிறுத்தியது முழங்கால் வலியால் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மை இல்லை தீனா. அவருடைய வலது கையில் பலம் போய்க்கொண்டிருக்கிறது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது, சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன், முழுக்கை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உன்னோடு பேசுவது உனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். வேலூர் மருத்துவர் இது நரம்பு சம்பந்தப்பட்டது, போன பலம் திரும்பாது, மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அடுத்த கைக்கும் வரலாம் என்றார். பேருந்தில் திரும்பி வரும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, புள்ளைக்கு சொல்லாத சுபா, அவன் அங்க தனியா கீறான் என்றார்.

முன்சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய், அந்த பிரேக் ஹோஸ், உப்பி, கீறல் விட்டு ஆயில் கசிகிறது என்று நீதான் போனில் பார்த்துக் கண்டுபிடித்தாய். புது ஹோஸ் வாங்கி அனுப்பினாய். பழையதைக் கழற்ற அவர் ஒரு பகல் முழுக்க முயன்றார். ஸ்பானரை வைத்து அழுத்த அந்தக் கையால் முடியவில்லை, இடது கையால் அழுத்தினால் வழுக்குகிறது. யாரையாவது கூப்பிடலாம் என்றேன், அவன் என்னை நம்பி வுட்டுட்டுப் போயிருக்கான், ஊரைக் கூட்டச் சொல்றியா என்று கோபப்பட்டார். அப்புறம்தான் அதைச் செய்தார். பாவுக்கு முறுக்கி வைத்திருந்த பட்டு நூலைப் பல இழையாகச் சேர்த்து, மெழுகு தடவி, கசிகிற இடத்தில் இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றினார். நூல் சுற்றப் பலம் வேண்டாம், பழக்கம் போதும், அது அவர் விரலில் இன்னும் இருக்கிறது. பட்டு அறுகாது என்று இந்தத் தொழிலில் பிறந்த எல்லோரையும் போல அவரும் நம்பினார். மிதியை அழுத்தும்போது உள்ளே ஆயில் எவ்வளவு வேகத்தில் முட்டும் என்பது நூலில் கை வைத்துப் பழகியவருக்கு எப்படித் தெரியும். அதன்மேல் கறுப்பு டேப் சுற்றிப் போனில் உனக்குக் காட்டினார். நீ சூப்பர்பா என்றாய். அன்று முழுக்க அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா, அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

போன வெள்ளிக்கிழமை காலையில் வீரபாகு மாமா வீட்டுப் பாவை, தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு நீட்டியிருந்தார்கள். நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும், பாவு நீட்டியிருந்தால் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டு சுற்றித்தான் போவோம், யாரும் அதைத் தாண்ட மாட்டோம். அப்பாவுக்கும் வெளியே எடுக்கிற எண்ணம் இல்லை. கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும் கொண்டுவந்து வெளிச்சத்தில் நிறுத்தி உனக்கு ஒரு படம் அனுப்பலாம் என்றுதான் எடுத்தார். கேட் பக்கம் சரிவு. பிரேக்கை மிதித்தார், மிதி தரைவரை போய்விட்டது. கார் நடக்கிற வேகத்தில்தான் போனது தீனா, அதனால் யாருக்கும் அடி இல்லை. பாவின் முனைக் கோலைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். கார் நேராகப் பாவுக்குள் புகுந்து, எதிர்வீட்டுப் படியில் முட்டி நின்றது. முகூர்த்தச் சேலைக்கான அரக்குப் பாவு, முழுவதும் முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வீரபாகு மாமா முதலில் ஓடிவந்து, அடி கிடி பட்டுச்சா மச்சான் என்றுதான் கேட்டார். பிறகு குனிந்து பார்த்தார், அறுந்து தொங்கிய ஹோஸையும் அதில் சுற்றியிருந்த பட்டையும் கையில் எடுத்தார். இன்னா மச்சான், ஒரு முழம் சரிகையும் வெச்சு சுத்தியிருந்தா வண்டி நின்னுருக்குமே என்றார். தெருவே சிரித்தது. ராஜம்மாள் அக்கா மட்டும், சிரிக்காதீங்கய்யா, மன்சன் மூஞ்சப் பாருங்க என்று அதட்டினார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்து கையைப் பிடித்துத்தான் இறக்கினேன்.

நம் தறிக்கென்று முன்பே சாயம் ஏற்றி வைத்திருந்த பாவை அப்பா அப்படியே வீரபாகு மாமாவிடம் கொடுத்துவிட்டார். சக்கரத்தில் சிக்கியதைக் கத்தியால் அறுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் விடவில்லை. தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் இழை இழையாகப் பிரித்தார், வெயில் சாயும்வரை பிரித்தார். எதற்கும் உதவாத நூல். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு பிரேக் எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய், கிண்ணுனு கீதுடா என்றார். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்தார், நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

இப்போது, உனக்குத் தெரிவதற்குள் அந்தப் புது ஹோஸை எப்படியாவது மாட்டிவிட வேண்டும் என்று இருக்கிறார். அதற்கு ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, அடியில் படுக்க வேண்டும். டம்ளரைப் பிடிக்க முடியாத கையால் ஜாக்கியைச் சரியாக வைப்பாரா என்பதுதான் என் பயம். மற்ற பயங்கள் எல்லாம் இதற்கு அப்புறம். நான் சொன்னால் கேட்கமாட்டார். காரை விற்றுவிடு என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. அது போய்விட்டால் நீங்கள் இரண்டு பேரும் பழையபடி சாப்டியா, சாப்டேன் என்று ஆகிவிடுவீர்களோ என்று எனக்கு அதுவும் பயமாகத்தான் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை கூப்பிடும்போது காரைப் பற்றிக் கேட்காதே. கை எப்படிப்பா இருக்கு என்று கேள். ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிடுவார், மறுபடியும் கூப்பிடு. உனக்கு யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல், என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் வரும்வரை கார் கொட்டகையில் சும்மா நிற்கட்டும்பா, நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஹோஸ் மாட்டலாம், நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுப்பா என்று அவரிடம் சொல். அப்படிச் சொன்னால் ஒருவேளை கேட்பார். அப்புறம் சொன்னபடி வா. முடிந்தால் சீக்கிரம் வா, இரண்டாவது கைக்கு வருவதற்குள்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் வேலையும் மனமும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். பெற்றவள் வேண்டுவதுபோல் இது பலிக்குமா என்று தெரியாது, ஆனாலும் வேண்டுகிறேன். ஜாக்கியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து வீடு முழுக்கத் தேடுகிறார், எங்கே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சற்று முன்னால் வாசலில் நின்று, முத்துவேல் சென்னைல இருந்து வரட்டும், அவன்கிட்ட ஜாக்கி கீது, வாங்கியாறேன் என்று பொதுவாகச் சொன்னார். நம் தெரு முத்துவேல் நாளை சாயங்காலம் வருகிறார். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காதே தீனா, நாளைக் காலையிலேயே கூப்பிடு.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
சுபலட்சுமி