துப்பக் கூடாத நாள்

மே 9, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா தூங்கியாயிற்று. கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே, தாள் மடியில் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை அப்பா வேலை பார்க்கும் மது ஆலையில் விஸ்கி தினம். சரக்கை ருசி பார்ப்பதுதான் அவர் வேலை என்றாலும், மற்ற நாளெல்லாம் வாயில் வைத்துத் துப்பிவிடுகிறார். எட்டு மாதமாகத் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அன்றைக்கு மட்டும் துப்பினால் சரக்குக்கு அவமரியாதையாம். முதல் மிடறை எல்லார் முன்னாலும் அப்பா விழுங்க வேண்டும். போன வருடம் அந்த ஒரு மிடறில்தானே எல்லாம் ஆரம்பித்தது? நீ விடுதிக்குப் போனதும் அதனால்தானே?

ஆலையில் இருந்தால் யாராவது கை வைப்பார்கள் என்று, அன்றைக்குத் திறக்கப்போகும் பாட்டிலை வீட்டில்தான் பூட்டி வைத்திருக்கிறார். சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். கொட்டிவிட்டேன் அக்கா. பால் கலக்காத டீயை ஊற்றி, மெழுகு முத்திரையை உருக்கி ஒட்டிவிட்டேன். நிறம் அச்சு அசல்.

அப்பாவுக்கு வேலை போய்விடுமா?

உன் குட்டி

மே 12

என் குட்டிக்கு,

அடிப்பாவி! இரண்டாவது மிடறு முதலாளிக்கு என்பதை மறந்துவிட்டாயா? திருட்டுப் பட்டம் அப்பா தலையில் விழும். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. குடிக்காதபோது அவர் கை ஓங்கியதில்லை.

நான் வரமாட்டேன், கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மே 16, இரவு

அக்கா,

சொல்லவில்லை. அப்பாவிடம் மூன்று தடவை போனேன். "என்ன பாப்பா?" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்று ஓடிவந்துவிடுவேன்.

விழாவில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அப்பா கோப்பையில் ஊற்றி முகர்ந்தார். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்படிய்யா இருக்கு?" முதலாளி கையை நீட்டினார்.

"பிரமாதம் முதலாளி" என்றவர் பாட்டிலைக் கீழே நழுவவிட்டார்; உடைந்து எல்லாம் தரையில் கொட்டிப்போனது. கூடமெல்லாம் ஏற்கெனவே சரக்கு நெடி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "பதினெட்டு வருசச் சரக்குய்யா, உனக்குக் கையா காலா?" என்று முதலாளி கத்திய கத்தல்! திங்கட்கிழமை அவர் அறைக்கு அப்பா போக வேண்டும்.

இப்போதும் குளியலறையில்தான் எழுதுகிறேன்; சற்று முன் அப்பா வந்து கதவைத் தட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அக்காவுக்குத்தானே எழுதுற?"

"ஆமாப்பா."

"டீத்தூள் கம்மி."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளியே தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"கோப்பையை எடுத்தப்போ அது டீன்னு எனக்குத் தெரியாது பாப்பா. விழுங்கத்தான் எடுத்தேன். அதையும் மறைக்காம எழுது."

எழுதிவிட்டேன். இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறக்கப் பயமாக இருக்கிறது, அக்கா.

குட்டி