ஓவர்சியர் மேல் நான் போட்ட பழி

என் பாண்டி மாப்ளைக்கு,

உனக்குக் கடிதம் எழுத உட்காருவேன் என்று நினைத்ததே இல்லை. நீ இருந்தவரை நமக்குள் மிஸ்டு கால்தான். ஒரு தடவை அடித்தால் டீக்கடைக்கு வா, இரண்டு தடவை அடித்தால் கிளம்பிட்டேன். இப்போது எத்தனை தடவை அடித்தாலும் நீ எடுக்கப்போவதில்லை. அதனால்தான் பேனா.

ஊரில் யார் போனாலும் கண்ணீரை அச்சடித்துக் கொடுப்பது நான்தான் என்று நீ கேலி செய்வாய். அது இன்னும் அப்படியேதான் நடக்கிறது. பேகம்பூர் போகிற வழியில் அதே ஃப்ளெக்ஸ் கடை, அதே கம்ப்யூட்டர். சொட்டுக் கண்ணீரோடு ஒரு கண், குத்துவிளக்கு, பறக்கிற புறா எல்லாம் தயாராக இருக்கும். பெயரையும் போட்டோவையும் மாற்றினால் பத்து நிமிஷத்தில் ஒருவருக்கு அஞ்சலி முடிந்துவிடும்.

போன வாரம் உன் வீட்டுக்காரி செல்வி கடைக்கு வந்தாள். உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். “அண்ணே, அந்தக் கண்ணு, புறாவெல்லாம் வேணாம். அவரப் பத்தி நீங்களே ஏதாச்சும் எழுதுங்க. உங்களுக்குத்தேன் அவரத் தெரியும்” என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அதை எழுத எனக்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும். நாலு பத்தி போகட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மோட்டார் ரீவைண்டிங் கடையைச் செல்வி தையல் கடையாக மாற்றிவிட்டாள். நீ செம்புக் கம்பிச் சுருளை மாட்டி வைத்த ஆணிகளில் இப்போது ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. சாணார்பட்டிப் பக்கத்து விவசாயிகள் இன்னும் சிலர், புகைந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். குடகனாற்றில் இந்த வருஷம் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. போன வருஷம் மட்டும் ஏன் அப்படி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது?

பூமிக்குள்ளே தண்ணீர் எவ்வளவு கீழே போய்விட்டது என்று இந்த ஊரில் உன்னைவிட யாருக்குத் தெரியும்? வாழ்நாளெல்லாம் வற்றிப்போன போர்வெல்களிலிருந்து மோட்டாரை மேலே இழுத்துப் போட்டவன் நீ. அதனால்தான் ஆற்றில் தண்ணீர் வந்ததும் உனக்குப் பைத்தியம் பிடித்தது. அணைக்கட்டில் மீன்பிடிக்கிறவரிடம் போய் ஒரு பழைய ஃபைபர் பரிசலை வாங்கி, என் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். அவர் நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கரிசக்காட்டு ஆளுங்களா? ரெண்டே விசயந்தேன். வெயிட்ட நடுவுல வையுங்க. உள்ள யாரும் எந்திரிக்காதீங்க” என்றார். நீ தலையாட்டினாய். நானும் ஆட்டினேன்.

நடுவில் வைக்க வெயிட்டுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஓவர்சியரே போய் நட்டநடுவில் படுத்துக்கொண்டது. உன் நாய்க்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான். சாணார்பட்டியில் ஒரு மோட்டார் ரூமில் கிடந்த செவலைக்குட்டி. நீ மோட்டார் இறக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல், எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும். ஓவர்சியர் என்று கூப்பிட்டால் உடனே திரும்பாது. கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பும்.

அந்த முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் யாராவது எனக்குத் திருப்பித் தந்தால் போதும். தாடிக்கொம்புக்குக் கொஞ்சம் தள்ளிப் பரிசலை இறக்கினோம். அது நேராகப் போகவே போகாது, சுற்றிச் சுற்றித்தான் போகும். அதனால் கரையிலிருந்த தென்னந்தோப்பும், பூக்காடும், துணி துவைக்கிற பெண்களும் ஒரே ஆளுக்கு மூன்று தடவை காட்சி கொடுத்தார்கள். நீ துடுப்பு போட்டுக்கொண்டே கரையில் தெரிகிற ஒவ்வொரு மோட்டார் ரூமையும் காட்டினாய். “அது நான் கட்டுன மோட்டார் காயில். இந்தா, இது ரெண்டு தடவ எரிஞ்சது.” கரை நாய்கள் கூடவே ஓடி வந்து குரைத்தன. ஓவர்சியர் பதில் சொல்லவில்லை. மனு வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அதில் எடுத்த வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டேன். ஊரே பார்த்தது. எப்போதோ கல்யாண போஸ்டர் அடித்துக்கொண்டு போனவர்கள்கூட, “அண்ணே, எங்க இது, கேரளாவா?” என்று கேட்டார்கள். சாவுக்கும் சடங்குக்கும் போஸ்டர் அடிக்கிறவனை முதல் தடவையாக நாலு பேர் பாராட்டினார்கள். அது என் தலைக்கு ஏறிவிட்டது மாப்ள. சின்ன விஷயம்தான். ஆனால் அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

மூன்றாவது ஞாயிறு, வெயில் சாயாத நேரம். ஆறு அன்றைக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக இருந்தது. ஆற்றுக்குள் வருஷக்கணக்காக வளர்ந்து கிடந்த சீமைக் கருவேலம் அத்தனையும் தண்ணீருக்குள் மூழ்கி, நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. நீ அதைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டு வந்தாய். எனக்கோ உட்கார்ந்தபடி எடுத்தால் ஆறு முழுதும் போனுக்குள் விழவில்லை. நீயும் நாயும் முன்னால், பின்னால் தண்ணீர், தூரத்தில் மலை. இதற்குக் கொஞ்சம் உயரம் வேண்டும் என்று எழுந்தேன்.

“ஏலே, உக்காருப்பா” என்றாய்.

“செத்த நேரம் மாப்ள. அப்டியே சிரி.”

நீ சிரித்தாய். பரிசலில் எழக்கூடாது என்பது தெரிந்தும், நான் கேட்டேன் என்பதற்காக, துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அப்போதுதான் பரிசல் என் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததும் ஓவர்சியர் படுத்த இடத்திலிருந்து வழுக்கி என் காலடிக்கு வந்தது. அடுத்து மூன்று பேரும் தண்ணீருக்குள் கிடந்தோம்.

கிணற்றில் நீந்திப் பழகியவன் நீ. நிற்கிற தண்ணீரில் மேலேயிருந்து குதித்து மேலே வருகிற நீச்சல். எனக்கு அதுவும் தெரியாது. கவிழ்ந்த பரிசலை என் பக்கம் தள்ளி, “இதப் பிடிச்சுக்க மச்சான், விட்றாத” என்றாய். நான் விடவில்லை. அது என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. திரும்பிப் பார்த்தபோது உன்னைக் காணோம். உன் காலையும் கைலியையும் அந்தக் கருவேலம் பிடித்துக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்தபோது எங்கே தேடுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓவர்சியர்தான் கரை ஏறி, ஓடி வந்து, ஓர் இடத்துக்கு நேரே நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில்தான் உன்னை எடுத்தார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எப்படிக் கவிழ்ந்தது என்று போலீஸ்காரர் கேட்டார். சுற்றி ஊரே நின்றது. செல்வி தரையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாய் சாஞ்சிருச்சுங்க. அதுல கவுந்துருச்சு” என்றேன்.

நாய் சாய்ந்தது நிஜம்தான். ஆனால் நான் எழுந்த பிறகு. முன்னால் நடந்ததை விழுங்கிவிட்டுப் பின்னால் நடந்ததை மட்டும் சொன்னேன். என் போனும் ஆற்றோடு போய்விட்டது. பார்த்தது நான், நீ, அந்த நாய். பேச முடிந்தவன் நான் ஒருவன்தான், நானும் இப்படிப் பேசினேன்.

ஊருக்கு அது போதும். உன்னைக் கிடத்தியிருந்த பந்தலுக்குள் வரப் பார்த்த ஓவர்சியரை யாரோ விறகுக்கட்டையால் அடித்தார்கள். அது நொண்டிக்கொண்டே போய் எதிர்வீட்டு வண்டிக்கு அடியில் படுத்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். காரியம் முடிந்த மறுநாள் செல்வி, “அண்ணே, அது என் கண்ணுல படவே கூடாது. எங்கிட்டாவது கொண்டுபோய் விட்டுருங்க” என்றாள். அவள்தான் ஒரு வருஷம் பால்சோறு பிசைந்து அதை வளர்த்தவள். குட்டியானையின் பின்கதவைத் திறந்தேன். நான் கூப்பிட்டதும் அது நொண்டியபடி வந்து ஏறிக்கொண்டது. பரிசலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ. குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தேன்.

உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் நான் அடித்ததுதான். முதல் பயணத்தில் எடுத்து, கடைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்த போட்டோ. பக்கத்தில் ஓவர்சியர் இருந்தது, வெட்டி எடுத்தேன். அப்படியும் உன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு காது நுனி மிச்சம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்து அதையும் அழித்தேன். இவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறபோதும் பொய் சொன்னேன் என்று பொதுவாகத்தான் சொல்கிறேன். வியாபாரத்தில் சொல்கிற பொய் என்று நினைத்துக்கொண்டு அவரும் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்கிறார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

இப்போது செல்வி சொன்ன மற்றதைச் சொல்கிறேன். நோட்டீஸ் பேசி முடித்த பிறகும் அவள் எழுந்து போகவில்லை. முந்தானையைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, யார்ட்டயும் சொல்லாததச் சொல்றேன். அன்னைக்குக் காலைல அவரு நாய விட்டுட்டுத்தேன் கெளம்புனாரு. தண்ணி சாஸ்தியா இருக்குன்னாரு. நாந்தேன், அது நாள் பூரா ஊளையிடும், கூட்டிட்டுப் போங்கன்னு வண்டில தூக்கிப் போட்டேன். என் கையால தூக்கிப் போட்டேண்ணே. நாந்தேன் அவரக் கொன்னுட்டேன்.”

ஒரு வருஷமாக அவள் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள். நாய் மேல் பழி போட்டேன், அது நாயோடு போய்விடும் என்று இருந்தேன். போகவில்லை, அவள் தலையில்தான் இறங்கியிருக்கிறது. அவள் ஏன் இளைத்துப்போனாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரிடம்கூடக் கூட்டிப்போனேன்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா? “அப்டியெல்லாம் பேசாத தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, “உங்ககிட்டச் சொன்னது ஆறுதலா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த கூச்சம், உன் பிணத்துக்கு முன்னால் நின்றபோதுகூட வரவில்லை.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுக் குஜிலியம்பாறைக்குப் போனேன். ஓவர்சியர் இருக்கிறது மாப்ள. பின்னங்கால் சரியாகிவிட்டது, மூஞ்சியில் கொஞ்சம் நரை. ஆட்டுக்காரர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார், அதற்கும் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்புகிறது. “நல்ல நாயிங்க. இம்புட்டு நாள்ல ஒரு குட்டியத் தொலைக்கல. எதுக்கு இத வேணாம்னு விட்டீங்க?” என்று கேட்டார். இந்தப் பக்கம் வேலையாக வந்தேன் என்று எதையோ உளறினேன். என்னைப் பார்த்ததும் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கடித்திருக்கலாம். கையை நக்கியது.

நாயைக் கூட்டிக்கொண்டு போய்ச் செல்வி முன்னால் நிறுத்தி, அதைச் சாக்காக வைத்துப் பேசிவிடலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இதிலும் அதை எனக்கு முன்னால் நிறுத்தக்கூடாது.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. நாளைக் காலையில் இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வியிடம் போவேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவர மாட்டேன். முதலில் வாயால் சொல்வேன்: நீ நாயை ஏற்றியதால் அல்ல தங்கச்சி, நான் எழுந்ததால். அப்புறம் இதைக் கொடுத்துவிட்டு, அவள் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கிறவரை எதிரிலேயே இருப்பேன். ஸ்டேஷனுக்கு வாங்க என்றால் போவேன். இனி வாசல்படி மிதிக்காதீங்க என்றால் மிதிக்க மாட்டேன். ஓவர்சியர் எங்கே என்று கேட்டால் மட்டும் இடத்தைச் சொல்வேன்.

அவள் கேட்ட நோட்டீஸ் இதுதான், என்னிடம் வேறு இல்லை. அடிப்பதா கிழிப்பதா என்பது அவள் முடிவு. உன்னையும் அவளையும் தவிர வேறு யாராவது இதைப் படிக்கிறார்கள் என்றால், அவள் அடிக்கச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். செல்விக்கு அண்ணன் என்று கீழே போட்டுக்கொள்ள எனக்கு இப்போது உரிமை இல்லை. அவள் சொன்னால் சேர்ப்பேன்.

உன் மச்சான்,
அந்தோணி