சாரா வர நாற்பது நாள்

செப்டம்பர் 3, செவ்வாய்

ஒரு பொய் சொல்லிவிட்டேன், இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன். வுபேயிடம் என் வயது நாற்பத்தாறு என்றேன். நானாகச் சொல்லவில்லை. "உனக்கு ஒரு நாப்பத்தஞ்சு இருக்குமா?" என்று அவன்தான் கேட்டான். அவ்வளவு ஆசையாகக் கேட்பவனிடம் எப்படி இல்லை என்பது? ஒன்றைக் கூட்டிச் சொன்னேன். நேர்மை என்று ஒன்று இருக்கிறதே.

வுபே பால் லாரி ஓட்டுகிறான். ஏப்ரலில் சந்தையில் என் மீன் கடைக்கு இரண்டு ஹெர்ரிங் வாங்க வந்தான். இன்னும் திரும்பிப் போகவில்லை.

அக்டோபர் 13 எனக்கு ஐம்பது.

செப்டம்பர் 5

இந்த ஊரில் யாரும் கமுக்கமாக ஐம்பதைத் தாண்ட முடியாது. விடிந்தால் வாசல் தோட்டத்தில் சாரா உட்கார்ந்திருப்பாள். வைக்கோல் அடைத்த கிழவி பொம்மை, கழுத்தில் 50 என்று பலகை. ஆம்பளை என்றால் ஆபிரகாம், பைபிளில் வரும் அந்தக் கிழத் தம்பதி போல. அக்கம்பக்கத்தார்தான் செய்து வைக்க வேண்டும். நம் தெருவில் பதினொரு பொம்மை என் கைவண்ணம். போன வருஷம் எதிர்வீட்டு ஹார்முக்கு வைத்த ஆபிரகாமைக் கழிப்பறைப் பீங்கானில் உட்கார்த்தி, கையில் பேதி மருந்து பாட்டிலும் கொடுத்திருந்தேன். போகிற பஸ்ஸே நின்று பார்த்தது.

இன்று ஹார்ம் வேலி மேல் சாய்ந்துகொண்டு, "ட்ரைனி, எட்டு கட்டு வைக்கோல் சொல்லி வச்சிருக்கேன். உன் இடுப்புக்குப் பத்துமா?" என்றான்.

செப்டம்பர் 9

மறுபடி அந்த அனல். கழுத்தில் கிளம்பி உச்சிக்கு ஏறியது. எண்ணெய்ச் சட்டி என்னைவிடக் குளிர்ச்சி. ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு நின்றேன். வாங்க வந்த அம்மாள், "என்னம்மா தேடுறே?" என்றாள்.

"என் வாலிபத்தை."

"அது கிடக்கட்டும், காட் மீன் அரைக் கிலோ இருக்கா?"

செப்டம்பர் 14

மருந்து டப்பாவில் எழுத்தைப் பொடியாக்கிவிட்டார்கள். கை நீளம் போதவில்லை. கண்ணாடி வாங்கி மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். தாடையில் ஒரு முடி. நேற்று இல்லை, இன்று விரல் நீளம். ராத்திரியோடு ராத்திரியாக எங்கிருந்து நடந்து வந்தாய் நீ?

செப்டம்பர் 20

வறுத்த மீன் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு ஹார்மிடம் போனேன். "ஹார்ம், என் ராசா, சாரா வேண்டாம்பா. வுபேக்கு என் வயசு தெரியாது."

"அந்தப் பேதி மருந்து பாட்டில் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு."

மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான்.

செப்டம்பர் 29

பிறந்தநாள் அன்று வுபே தன் அம்மாவைக் கூட்டி வருகிறானாம். முதல் சந்திப்பு. "நாப்பத்தேழுன்னா..." என்று ஆரம்பித்து இருமினான். "சின்ன விஷயமா?"

சாயங்காலம் டிவியில் மழை வரும் என்றார்கள். அதற்கு அழுதேன். மழைக்கு யாராவது அழுவாங்களா?

சொல்லிடு ட்ரைனி. சொன்னா போயிடுவானோ? சொல்லலைன்னா பதிமூணாந்தேதி தானா தெரிஞ்சு போயிடுவான். ஊரையே கிண்டல் பண்ணுற வாய், இதுக்கு மட்டும் ஒட்டிக்கிச்சு. மூணு வயசு போனா போகட்டும். அவன் இல்லாத ஞாயித்துக்கிழமையை நினைச்சாத்தான் —

அக்டோபர் 1

அலமாரியை ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. மூடிவிட்டேன்.

அக்டோபர் 6

ரூலி அக்கா வீட்டுக்குப் போனேன். கழிப்பறையில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் பிறந்தநாள் காலண்டர், எல்லார் வீட்டிலும் போல. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சும்மா பார்த்தேன். அக்டோபர். பதிமூன்று. சிவப்பு மையில் கொட்டை எழுத்தில்: ட்ரைனி, 1974.

உட்கார்ந்தபடியே எனக்கு வேர்த்துவிட்டது. ஜூனில் அக்கா பிறந்தநாளுக்கு வுபேயும் வந்தான். அவள் வைத்த சிப்பிக் குழம்பைத் தின்றுவிட்டு இதே இடத்தில் இருபது நிமிஷம் இருந்தான். எவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான்? பன்னிரண்டு மாசத்தையும் புரட்டியிருப்பான்.

"வருஷத்தை எதுக்குக்கா எழுதுனே?" என்று கத்தினேன்.

"உன் வயசு எனக்கு மறந்து மறந்து போகுதுடி!" என்று கதவுக்கு வெளியே இருந்து கத்தினாள்.

அக்டோபர் 7

சொல்லிவிட்டேன். வுபே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஐம்பது."

"ம்."

"தெரியுமா?"

"சிப்பிக் குழம்பு அன்னைக்கே."

"பாவி, ஏன் சொல்லலை?"

"நீயா சொல்வேன்னு பார்த்தேன். அப்புறம் நீ தினம் மாவு டப்பாவுக்குள்ள தலையை விட்டுக் கடுதாசி படிச்சுட்டு, மூக்கெல்லாம் வெள்ளையா வந்து நிப்பியே. டிவியைவிட நல்லா இருந்துச்சு. கெடுக்க மனசு வரலை."

நாலு மாசம்! என்னையே ஒருத்தன் நாலு மாசம் கிண்டல் பண்ணியிருக்கான்!

அழுதேன், சிரித்தேன், நடுவில் அனலும் வந்தது. அவன் எதுவும் கேட்காமல் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, கிழங்கு உரிக்கப் போனான்.

அக்டோபர் 13, ஞாயிறு

சாரா வந்துவிட்டாள். எட்டேகாலுக்கு எட்டிப் பார்த்தேன், நல்ல மூடுபனி. ஆப்பிள் மரத்தடிப் பெஞ்சில் இரண்டு கிழவிகள். ஹார்ம் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். இரவு உடுப்போடு வெளியே போனேன். ஒருத்தியின் கழுத்தில் 50 பலகை. மற்றவள் இன்னும் நேர்த்தி: கம்பளிக் கோட்டு, தொப்பி, மூடிய கண், மடியில் கேக் டப்பா. "ஹார்ம், மூக்கு பிரமாதம்டா!" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன். எதில் செய்திருக்கிறான் என்று பிடித்துத் திருகிப் பார்த்தேன்.

வுபேயின் அம்மா பத்தரைக்கு வருவதாக ஏற்பாடு. முன்னாலேயே வந்து, என்னை எழுப்ப வேண்டாம் என்று உட்கார்ந்து கண்ணயர்ந்திருக்கிறார்கள். வுபே லாரியை நிறுத்தப் போயிருந்தான்.

மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னார்கள், காப்பிக்குப் பால் சேர்ப்பதில்லையாம்.