ஆறு ஸ்பூன் உப்பு

மார்ச் 1, சனி

பார்சல்காரி மறுபடியும் அனுப்பிவிட்டாள்.

கோடைக்காலப் பரிசுப் பெட்டியாம். ஆறு லில்லிக் கிழங்கு, ஒரு தொட்டி, ஒரு பை உரமண். மேலே பச்சை நாடா. உள்ளே அட்டை: "கோடை நல்லபடியாகப் பூக்கட்டும். ஜாக்கிரதையாக இரு. அன்புடன், அம்மா." அதுவும் அச்சடித்தது. பெற்ற மகளுக்கு நாலு எழுத்து கையால் எழுத முடியவில்லை. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுவது மட்டும் நான்.

என் வீட்டுக்காரரின் முதல் பெண்டாட்டி. ஏழு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் போனவள். அந்தக் குழந்தைக்கு இப்போது பதின்மூன்று. நான் இவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் அந்த அம்மாவிடமிருந்து ஒரு ஃபோன் கிடையாது, பிறந்தநாளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் பருவம் மாறினால் போதும், வாசலில் பெட்டி வந்து நிற்கும். தண்ணீர், மண், கொசு, வாய்ச்சண்டை எல்லாம் எனக்கு. 'அன்புடன் அம்மா' அவளுக்கு.

இத்தோடு பால்கனியில் பன்னிரண்டு தொட்டி. கால் வைக்க இடமில்லை.

மார்ச் 5, புதன்

இன்று முழுக்க இவருடைய பொண்ணு என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நிம்மதி.

மார்ச் 16, ஞாயிறு

மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போட்டுப் போகும் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். மேல் தட்டில் இருக்கும் பெரணித் தொட்டியிலிருந்து செம்மண் தண்ணீர் சொட்டிச் சொட்டி, முதுகில் ஒரு தேசப்படமே வரைந்துவிட்டது. தொட்டியை எடுத்துக் கீழே வைத்தேன். தூக்கி எறியவில்லை, கீழே வைத்தேன், அவ்வளவுதான்.

"என் செடிய நகத்தாதீங்கன்னு சொல்லிருக்கேன்ல?"

"என் கோட்டுல தண்ணி விடாதேன்னு நானும்தான் சொல்லிருக்கேன்."

"கோட்ட வேற எங்கயாவது போடுங்க. இது எங்க அம்மா குடுத்தது."

எங்க அம்மா. இந்த வீட்டில் பிரம்மாஸ்திரம் இதுதான். எடுத்துவிட்டால் எதிராளி காலி.

இவர் டிவிக்கு முன்னால். லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடியில் ஒரு கம்பி முனகினால் தரையில் நின்றே சொல்லிவிடுவார், எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று. பக்கத்து அறையில் பெண்டாட்டி கத்துவது மட்டும் காதில் விழாது. "விடேன், சின்னப் பொண்ணு" என்றார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஏப்ரல் 2, புதன்

லில்லி பூத்துவிட்டது. சிவப்பு. கண்ணை உறுத்துகிற சிவப்பு. சரி, அழகாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா?

படமெடுத்தாள். "அம்மாவுக்கு அனுப்பணும்" என்றாள். இவர் பாய்ந்து வந்து, "எனக்கு அனுப்பு, நான் அனுப்பிடறேன்" என்றார். அந்த அம்மாவோடு பேச இன்னமும் இவருக்கு ஆசை போலிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டில் வேண்டுமென்றே காரத்தைக் கூட்டினேன்.

ஏப்ரல் 9, புதன்

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இவருக்கு வேலை. நான் கடையில் லீவு கேட்டு, முதலாளியிடம் முகச்சுளிப்பு வாங்கிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். வகுப்பு டீச்சர் நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க... அவங்க அப்பாவோட இருக்கறவங்களா? அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கா. அம்மா வெளியூர்ல இருக்காங்கன்னு."

அவங்க அப்பாவோட இருக்கறவங்க.

காய்ச்சலில் நாலு நாள் கிடந்தபோது வாந்தி அள்ளிய கை யாருடையது? முதல் தடவை ரத்தம் பார்த்து அழுதபோது குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது யார்? அப்பாவோட இருக்கறவங்களா?

வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் ஆறு ஸ்பூன் உப்பு. எண்ணித்தான் போட்டேன். கிழங்குக்கு ஒரு ஸ்பூன். கலக்கினேன். லில்லித் தொட்டியில் ஊற்றினேன்.

சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உலை வைத்தேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இலை நுனி பழுத்துவிட்டது. "வெயில் ஜாஸ்தியோ" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு தொட்டியை நிழலுக்கு மாற்றினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19, சனி

கண்டுபிடித்துவிட்டாள்.

மண்ணைக் கிளறி, கிழங்கை எடுத்துப் பார்த்தாள். குழைந்துபோயிருந்தது. விரலில் மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். மண்ணைத் தின்றாள், என் கண் முன்னால். எழுந்து நேராகச் சமையலறைக்கு வந்தாள். உப்பு ஜாடியை எடுத்து மேஜைமேல், எனக்கு முன்னால், சத்தம் வராமல் வைத்தாள்.

"என் மேல கோவம்னா என்னை அடிச்சிருக்கலாம். அது என்ன பண்ணுச்சு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

அப்பாவிடம் சொல்லுவாள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட ஆறிப்போயிருக்கும்.

மே 11, ஞாயிறு

மூன்று வாரமாகிறது. என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. தானே பிடித்துக் குடிக்கிறாள். பள்ளிக்கூடம் போகும்போது பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள். இவர், "ஏன் கதவு பூட்டியிருக்கு?" என்று கேட்கவே இல்லை. வீட்டில் ஒரு பூட்டு புதிதாக முளைத்திருக்கிறது, மனுஷன் கேட்கமாட்டாரா?

ஜூன் 28, சனி

மழை பிடித்துப் பத்து நாளாகிறது. பெட்டி வரவில்லை. போன வருடம் இதற்குள் வந்துவிட்டது. பெகோனியா.

வராமல் போகட்டும்.

ஜூலை 5, சனி

இன்றும் வரவில்லை. செடிக்கடை வண்டி சனிக்கிழமைதான் இந்தத் தெருவுக்கு வரும். மாடிப்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். படிக்கிற மாதிரி. ஒரு மணி நேரமாக ஒரே பக்கம். வண்டி வந்தது, எதிர் வீட்டில் நின்றது, போய்விட்டது.

உள்ளே வந்தவளிடம், "வரலையா?" என்று நான்தான் கேட்டேன். பேசக்கூடாது என்றிருந்தும் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு சந்தோஷம்தானே?"

சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

பால்கனிக் கதவு இரண்டு நாளாகப் பூட்டாமல் கிடக்கிறது. உட்பக்கத் தொட்டிகளுக்கு மழை எட்டாது. புதினா துவண்டு தொங்குகிறது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

நான் ஊற்றினேன். வெறும் தண்ணீர். ஊற்றுவதற்கு முன் நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

ஜூலை 12, சனி

இவருடைய ஃபோனிலிருந்து நம்பரைக் குறித்துக்கொண்டு போனேன். மதியம் கடையில் கூட்டமில்லை. லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளறையில் நின்றபடி பார்சல்காரிக்கு அடித்தேன். என்ன பேசவேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை. இரண்டு வருட ஆத்திரம்.

யார் என்று சொன்னேன். நல விசாரிப்பெல்லாம் இல்லை. "மழைக்காலம் வந்தாச்சு. அனுப்பறதுன்னா ஒழுங்கா அனுப்புங்க. இல்ல, ஆரம்பத்துலயே அனுப்பாம இருந்திருக்கணும். அந்தப் பொண்ணு படிக்கட்டுல காத்துக்கிட்டு இருக்கு."

"என்ன அனுப்பணும்?"

"செடி."

"என்ன செடி?"

நடிக்கிறாள் என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். லில்லி, பெகோனியா, பச்சை நாடா, அன்புடன் அம்மா.

"நான் எதுவும் அனுப்பினதில்ல. ஒரு கார்டுகூட. முதல் வருஷம் வெக்கமா இருந்துச்சு. அப்புறம்... லேட்டாயிடுச்சுன்னு விட்டுட்டேன். அதை மறைக்கமாட்டேன்." பிறகு கேட்டாள்: "அவளுக்குச் செடி பிடிக்குமா?"

"பூன்னா உயிர்" என்றேன். வைத்துவிட்டேன்.

அடுத்து எடுத்த லென்ஸின் ஓரம் உடைந்தது. அதற்கடுத்ததும். முதலாளி, "உடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போம்மா" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொண்ணு தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்து ஆரம்பித்தேன். "ஆறு வருஷமா செடி அனுப்பறது யாரு?" இவர் முகம் சுருங்கியது. மறுக்கவில்லை.

"அம்மா மறந்துட்டான்னு ஏழு வயசுக் குழந்தைகிட்ட எப்படிச் சொல்றது? கடையில ஒரு பெட்டி பாத்தேன். அவ பேரைப் போட்டு அனுப்பச் சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியல."

"இப்ப மட்டும் எப்படி முடிஞ்சுது?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "லில்லித் தொட்டியில வெள்ளையா உப்புப் பூத்திருந்துச்சு. பாத்தேன். உன்னைக் கேட்டா வீடு ரெண்டாயிடும். செடி வரலைன்னா சண்டையும் வராதுன்னு நெனச்சேன்."

தெரிந்திருக்கிறது. மூன்று மாதமாக. தெரிந்துகொண்டே நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார். நான் செய்த பாவத்துக்கு என்னைக் கேட்காமல் அந்தக் குழந்தையின் பெட்டியை நிறுத்தியிருக்கிறார்.

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "உங்க பொய்க்கு வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டது நான்யா! செய்யாத காரியத்துக்கு ஒருத்தியை ரெண்டு வருஷம் சபிச்சிருக்கேன்! ஒரு வார்த்தை... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த உப்பு ஜாடியைத் தொட்டிருப்பேனா?"

தொட்டிருக்கமாட்டேனா? கத்தும்போதே அந்தக் கேள்வியும் வந்தது.

"எனக்குத் தெரியும்பா."

அறை வாசலில் நிற்கிறாள். எங்கும் போகவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"எல்லா அட்டையிலயும் 'ஜாக்கிரதையா இரு'ன்னு இருக்கும். அம்மா எப்பவாவது அப்படிச் சொல்லிருக்காளா? அது நீ லிஃப்ட்ல ஒட்டற போர்டு. ஒன்பது வயசுலயே தெரியும்."

"அப்புறம் ஏண்டா..." இவர் எழுந்துவிட்டார்.

"நான் நாடாவை அவுக்கறப்போ நீ எட்டி எட்டிப் பாப்பியே. அதான்."

என் பக்கம் திரும்பினாள். "நீங்க கொன்னது அப்பா குடுத்த செடிய. அம்மாவோடது இல்ல." கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 16, புதன்

மூன்று பேர், மூன்று அறை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்.

ஜூலை 19, சனி

வேலை முடிந்து நானே செடிக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே, "யாருக்குங்க கிஃப்ட்?" என்றார்.

"என்னைக் கண்டாலே ஆகாத ஒருத்திக்கு."

சிரிப்பு நின்றது. காகிதப்பூச் செடி ஒன்றைக் காட்டினார். சாகவே சாகாது என்றார். அட்டையில் என்ன அடிக்க என்று கேட்டார். பேனாவை வாங்கி நானே எழுதினேன்: "உப்புப் போட்டவள்." மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதினால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும்.

அவள் மேஜைமேல் வைத்தேன். படித்தாள். செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்:

"இது முழு வெயில் செடி. நம்ம பால்கனிக்குக் காலைல ஒரு மணி நேரம்தான் வெயில். ரெண்டு வருஷமா துணி காயப்போடற, அதுகூடத் தெரியாதா? மாத்தி வாங்கிட்டு வா."

போடற. வா. 'ங்க' எங்கே போயிற்று? கோபத்தில் நழுவியிருக்கலாம். நான் கேட்கப்போவதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மாற்ற அவளும் வந்தாள். "நீ எதையாவது தூக்கிட்டு வருவ." ஆட்டோவில் நடுவில் செடியை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்தபடி போனோம். சாகாது என்று சொன்னதற்காகக் கடைக்கார அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். இன்னொருவர் திட்டு வாங்குவதை நின்று பார்ப்பது எவ்வளவு சுகம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவரிடம் நாங்கள் இரண்டு பேருமே இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அதில் மட்டும் ஒற்றுமை.

நவம்பர் 15, சனி

குளிர் ஆரம்பம். வாசலில் ஒரு பெட்டி.

இவரைப் பார்த்தேன். "சத்தியமா நான் இல்ல" என்றார். அவர் என்னைப் பார்த்தார். "நானும் இல்ல." அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேல்விலாசம் கையால் எழுதியது. எங்கள் யார் எழுத்தும் இல்லை.

பிரித்தாள். உள்ளே ஒரு கூடை ரோஜா. பிளாஸ்டிக்.

அவள் ஒரு இதழை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். பூன்னா உயிர் என்று அந்த அம்மாவிடம் சொன்னது நான்தான். ஆறு வருடம் கழித்து வந்து, அதிலும் இப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கிக் குப்பையில் போடக் கை போனது.

"வை" என்றாள். "நம்பர் இருக்குல்ல? போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். "ம்... வந்துச்சு... நல்லாருக்கேன்... எட்டாவது." அவ்வளவுதான். ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

"அவளுக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள் அந்த அம்மா. வைய வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவள் எனக்கு எதிரே நின்று, சத்தமில்லாமல் வாயசைத்தாள்: பிடிச்சிருக்குன்னு சொல்லு.

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றேன். "இப்பத்தான் தண்ணி ஊத்திட்டு வந்தா."

அந்தப் பக்கத்திலிருந்து, "அது... பிளாஸ்டிக்ங்க."

வைத்துவிட்டுப் பார்த்தால், அவள் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

"உனக்குப் பொய்யே வரல. அப்பாகிட்டப் போய்க் கத்துக்க" என்றாள்.

கூடை ஹாலில் இருக்கிறது. தூசி தட்டும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.