தனித்தனிக் கணக்கு

இஞ்சாருங்கோ,

தொலைபேசியில் கேட்டால் "உம்மட விருப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

என் மருந்தாளர் பயிற்சி ஜூனில் முடிகிறது. முடிந்ததும் டொரொன்டோவுக்கு உங்களிடம் வருவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது, நான் வேலை பழகும் குழந்தைகள் பிரிவிலேயே இன்னொரு வருடம் பயிலக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பிரிவில் குழந்தையின் எடையை வைத்து மருந்தின் அளவை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிடுவோம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு சேர்த்துப் பார்த்து, விடை ஒன்றாக இருந்தால்தான் மருந்து வெளியே போகும்.

நேற்று வந்த தாளில் எடை ஒரு கிலோ நூற்றிருபது கிராம். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன பிள்ளை, கணக்குப் பிழைச்சுப் போச்சோ?" என்றார் கூட வேலை செய்யும் சிசிலி அக்கா.

"இல்லை அக்கா, தெரிஞ்ச எடை."

பேனாவை எடுத்துக் கணக்கை முடித்தேன். இருவர் விடையும் ஒன்றாகவே வந்தது.

வீட்டில் நம் குழந்தைக்கென்று ஒதுக்கிய சின்ன அறையை நான் இன்னும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் முடிவை எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்களுடையதை எழுதிக்கொண்டு நேரில் வாருங்கள். சேர்த்துப் பார்ப்போம்.

போன வருடம் நாம் தனித்தனியாகத்தான் அழுதோம். ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டிலிருந்து,
நான்தான்.